கேஸ் மாடுகள்

பீஜாவாஸ் கோசாலையின் வாசலில் நான் புல் விற்கிறேன். சொந்த வயலில் குதிரைமசால் போட்டிருக்கிறேன். காலையில் அறுத்து, கைப்பிடிக் கட்டுகளாகக் கட்டி, தண்ணீர் தெளித்து, மூன்று சக்கர வண்டியில் கொண்டுவந்து அடுக்குவேன். புண்ணியம் தேடி வருகிறவர்கள் வெறுங்கையோடு பசுவின் முன்னால் போய் நிற்க மாட்டார்கள். ஆளுக்கு ஒரு கட்டு வாங்குவார்கள். அதில் என் வீட்டு அடுப்பு எரிகிறது. அப்படியிருக்க, கோசாலையைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னாலும் நன்றி கெட்டவன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். தாபுவின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் கோசாலையை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

ஹோலி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்த சமயத்தில் அவள் வந்தாள். நெட்டையான ஒல்லிப் பெண். தோள்வரைக்கும் வெள்ளை வளையல்கள். பார்த்தவுடனே தெரிந்தது, ஆடு மாடு மேய்க்கிற ராய்க்கா சாதிக்காரி என்று. காலில் செருப்பு இல்லை. காவல்காரனிடம் ஏதோ கேட்டாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான். கெஞ்சுவாள் என்று பார்த்தேன், கெஞ்சவில்லை. கம்பி வேலியை ஒட்டி மேற்குப் பக்கமாக நடந்தாள். ஓரிடத்தில் நின்று, வாயைக் குவித்து, அடித்தொண்டையில் ஒரு குரல் கொடுத்தாள். பாட்டும் இல்லை, கூச்சலும் இல்லை. மாட்டுக்காரர்கள் மட்டும் போடுகிற குரல்.

உள்ளே கடைசிக் கொட்டகையில் பத்து நாளாக யாரையும் கிட்டே சேர்க்காமல் சீறிக்கொண்டிருந்த மாடுகள் அத்தனையும் எழுந்து ஓடிவந்தன. நீளக் கொம்பு வெள்ளை மாடுகள். வேலியே சாய்ந்துவிடும் போல முட்டிக்கொண்டு நின்றன. அவள் கம்பிக்குள் கையை விட்டு ஒவ்வொன்றின் நெற்றியையும் தொட்டாள். வளையல் கம்பியில் உரசுகிற சத்தம் என் வண்டிவரைக்கும் கேட்டது.

முனீம் சம்பத்ராஜ் வெளியே வந்தார். கோசாலையின் கணக்கு, நிர்வாகம் எல்லாம் அவர் கையில்தான்.

"யாரும்மா நீ? வேலிக்கிட்ட என்ன பண்றே?"

"என் மாடுங்க, சேட்டு."

"உன் மாடா? இது கேஸ் மாடு. போலீஸ் கொண்டுவந்து ஒப்படைச்சது. கோர்ட்டு குடுக்கச் சொன்னா குடுக்கறேன். அதுவரைக்கும் கோமாதா எல்லாருக்கும் மாதா. போ, போ."

நடந்தது இதுதான். முந்தின மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மழை பொய்த்துவிட்டது. மழை பொய்த்தால் ராய்க்காக்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு குஜராத் பக்கம் போவார்கள். அறுவடை முடிந்த வயல்களில் மேய விட்டு, அந்த வயல்காரனுக்குச் சாணி கொடுத்து, மழை விழுந்த பிறகு திரும்புவார்கள். தாபுவின் புருஷன் ஜோதாராமும் ஒரு பங்காளியும் அப்படித்தான் கிளம்பினார்கள். வழியில் இரண்டு மாடுகள் கன்று போட்டன. பிறந்த கன்று அவ்வளவு தூரம் நடக்குமா? ஒரு டெம்போவை வாடகைக்குப் பிடித்துக் கன்றுகளையும் நொண்டி மாடு ஒன்றையும் ஏற்றினான் ஜோதா. மற்றவற்றை நடத்திக்கொண்டு பின்னால் வந்தான்.

புறவழிச்சாலையில் சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் பையன்கள் வந்து மறித்தார்கள். டெம்போவில் மாடு, போகிற திசை குஜராத், கையில் ரசீதும் இல்லை, அனுமதியும் இல்லை. அவர்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? கசாப்புக்குப் போகிறது என்றார்கள். பங்காளி முள்காட்டுக்குள் ஓடித் தப்பித்தான். ஜோதா ஓடவில்லை. மாட்டை விட்டு எப்படி ஓடுவது? அவனுடைய சிவப்புத் தலைப்பாகையை அவிழ்த்து, அதாலேயே கையைக் கட்டி, கம்பியால் வலது முட்டியை அடித்து நொறுக்கினார்கள். அடித்தவர்கள் மேல் கேஸ் இல்லை. ஜோதா மேல்தான் கேஸ். முட்டிக்குக் கட்டுப் போட்டு ஜெயிலுக்கு அனுப்பினார்கள். மாடுகள் இங்கே வந்தன.

தாபு மறுநாளும் வந்தாள். முனீமிடம் இந்த முறை மாட்டைக் கேட்கவில்லை.

"வேலை இருந்தா குடுங்க சேட்டு. சாணி அள்றேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முந்தின நாள்தான் அந்த மாடுகளில் ஒன்று வேலைக்காரன் ஒருவனின் விலாவில் குத்தி அவனை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தது. மனிதர் கணக்கில் புலி. ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அந்தக் கடைசிக் கொட்டகை உன் பொறுப்பு. ஆனா ஒண்ணு. என் மாடு உன் மாடுன்னு ஒரு பேச்சு காதுல விழக்கூடாது" என்றார்.

"பேச மாட்டேன்."

அன்றிலிருந்து அவள் அங்கேயே தங்கி, தன் மாடுகளுக்குக் கூலி வாங்கிக்கொண்டு தீனி போட்டாள்.

ஜோதா ஜாமீனில் வந்தபோது வீட்டில் ஆள் இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டான். வார முடிவில் அவள் தன் ஊரான கேரா கிராமத்துக்குப் போனபோது நடந்ததை அவளே என்னிடம் சொன்னாள். கம்பங்களியைத் தட்டில் போட்டு வைத்தாளாம். அவன் தட்டைத் தள்ளிவிட்டானாம்.

"எம் மாட்டுக்குப் புல்லு போட அவங்கிட்ட கூலியா? உனக்கு வெக்கமா இல்ல?"

"வெக்கத்தைப் பாத்தா மாடு சாகும். நீ பேசாம சாப்பிடு."

"சாகட்டும்."

"நீ சொல்லலாம். உனக்கு முட்டிதான் போச்சு. அதுங்களுக்கு நடையே போச்சு."

தாபு என்றால் எங்கள் பேச்சில் போதும் என்று அர்த்தம். வரிசையாகப் பெண்ணாகப் பிறந்தால் கடைசிக்கு வைக்கிற பெயர். "எங்கப்பன் போதும்னு பேரு வச்சான். சாமி காதுல அது விழவே இல்ல, அண்ணே. இன்னும் குடுத்துக்கிட்டே இருக்கு" என்பாள். இப்படிச் சொல்லிவிட்டுச் சிரிக்க மாட்டாள். கேட்கிறவன் சிரித்தால் முறைப்பாள்.

அவள் சொன்ன நடை விஷயம் உண்மைதான். காடு மேடு சுற்றிய ஜாதி மாடு அது. ஒரு கொட்டகையில், ஒரு தொட்டியின் முன்னால், பகல் முழுக்க நின்றால் என்ன ஆகும்? மழைக்காலத்தில் சாணியும் மூத்திரமும் சேறுமாகக் கணுக்கால்வரை நின்றது. குளம்பு அழுகியது. கன்றுகள் இரண்டும் முதல் மழையிலேயே போய்விட்டன. பிறகு பெரிய மாடுகள் ஒவ்வொன்றாக. கோசாலைக்கு அது புதிது இல்லை. டிராக்டர் வரும், இழுத்துக்கொண்டு போகும். தாபு டிராக்டர் கண்ணில் மறைகிறவரை நின்று பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு திரும்புவாள். ஒருநாள் நான், "அழுதுடு தாபு, மனசு லேசாகும்" என்றேன். "அழுதா முனீம் காதுல விழும். பேச மாட்டேன்னு சொல்லிருக்கேனே" என்றாள்.

அப்படியும் சாந்த்லி என்ற மாடு மட்டும் மெருகு குறையாமல் இருந்தது. உடம்பெல்லாம் பால் வெள்ளை, நெற்றியில் மட்டும் பிறைபோல ஒரு சாம்பல் கீற்று. ஒரு முழத்துக்கு மேல் நீண்டு மேல்நோக்கி முறுக்கிய கொம்பு. தாபு கல்யாணமாகி வந்தபோது மாமனார் வீட்டில் கன்றுக்குட்டியாக இருந்ததாம் அதன் தாய். கோசாலையில் அதற்கு ராதாராணி என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி நாள் முழுக்கக் கூப்பிட்டாலும் அது திரும்பிப் பார்க்காது.

தீபாவளி போன எட்டாம் நாள் கோபாஷ்டமி. எங்கள் கோசாலைக்கு அதுதான் பெரிய திருவிழா. எனக்கு அது மூன்று மாத வியாபாரம். அந்த வருடம் வாசலிலிருந்து கொட்டகைவரைக்கும் பந்தல். செவ்வந்தித் தோரணம். பாட்டுப் பெட்டி காலையிலேயே அலற ஆரம்பித்துவிட்டது. மாடுகளின் கொம்புக்கு நீலமும் சிவப்பும் பூசி, விலாவில் மஞ்சள் கைத்தடம் பதித்து, கழுத்தில் மயில்பீலி கட்டினார்கள்.

மேடையில் பூஜைக்கு ஒரு பசு வேண்டும். படத்தில் நன்றாக விழ வேண்டும். எல்லாரும் சாந்த்லியைத்தான் கை காட்டினார்கள். ஆனால் அதை மேடைக்குக் கொண்டுவருவது யார்? முனீம் கொட்டகைக்கே வந்தார். கையில் ஒரு புது மஞ்சள் முக்காட்டுத் துணி.

"இதைப் போட்டுக்கோ தாபு. ராதாராணியைப் பிடிச்சிக்கிட்டு மேடையில நிக்கணும். கொஞ்சம் பின்னால தள்ளி நில்லு. படத்துல கை மட்டும் தெரிஞ்சா போதும்."

"யாரு பூஜை பண்றது?"

அவர் ஒரு கணம் தயங்கினார். "லலித்ஜி."

தாபு துணியை வாங்கிக்கொண்டாள்.

லலித்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் சலவைக்கல் கடை வைத்திருப்பவரின் மகன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நெற்றியில் எப்போதும் குங்குமம், பேச்சில் மரியாதை. அடிபட்ட பசு எங்கே கிடந்தாலும் முதலில் ஓடிவருகிறவன் அவன்தான். தன் சட்டையைக் கிழித்து மாட்டுக் காலுக்குக் கட்டுப் போட்டதை நானே பார்த்திருக்கிறேன். புறவழிச்சாலையில் அன்றைக்குக் கம்பியைப் பிடித்த கையும் அதே கைதான். இரண்டும் ஒரே ஆள் என்பதுதான் எனக்கு இன்றுவரைக்கும் விளங்காத விஷயம்.

பூஜைக்கு முன்னால் கதை சொல்கிற பண்டிதர் ஒலிபெருக்கியில் பேசினார். "கண்ணன் அதுவரைக்கும் கன்னுக்குட்டிதான் மேய்ச்சான். இந்த நாள்லதான் நந்தகோபர் அவனைக் கூப்பிட்டு, இனிமே நீ பெரிய பசுக்களையே மேய்க்கலாம்னு அனுப்பி வச்சார். மாடு மேய்க்கக் காட்டுக்குள்ள போன முதல் நாள்!"

தாபு பந்தல் ஓரம் என் வண்டிக்குப் பக்கத்தில் சாந்த்லியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். முகத்தை என் பக்கம் திருப்பாமலே கேட்டாள்:

"போகும்போது ரசீது வச்சிருந்தானா, அண்ணே?"

மேடைக்கு அழைத்தார்கள். லலித்துக்குக் காவித் தலைப்பாகை கட்டி, சால்வை போர்த்தினார்கள். யாரோ ஒலிபெருக்கியில், "கசாப்புக்காரன் கத்தியிலேருந்து இந்த ராதாராணியையும் இவளோட குடும்பத்தையும் உயிரைக் குடுத்துக் காப்பாத்தினவர்" என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள். லலித்தும் இரண்டு வார்த்தை பேசினான். அந்தச் சாயங்காலத்தைச் சொன்னான். இருட்டு, டெம்போ, கன்றுக்குட்டிகளின் கண்ணீர், எல்லாவற்றையும் சொன்னான். தலைப்பாகையால் கட்டிய கையைச் சொல்லவில்லை. மறைத்தான் என்று நான் நினைக்கவில்லை. அவனுக்கு அது நினைவில் நிற்கிற மாதிரி ஒரு விஷயமாகவே தோன்றியிருக்காது.

பிறகு குனிந்து மாட்டின் முன்னங்குளம்பைத் தொட்டான். சாந்த்லி மூச்சை இழுத்துச் சீறியது. கொம்பு அவன் பிடரிக்கு நேராக இருந்தது. தாபுவின் இரண்டு கையும் கொம்பின் அடியில். கையை எடுத்தால் போதும். ஒன்றும் செய்ய வேண்டாம். பந்தலில் எத்தனையோ பேர் இருந்தார்கள். அதைக் கவனித்தவன் நான் மட்டும்தான். அவள் மாட்டின் காதருகே குனிந்து ஏதோ முணுமுணுத்தாள். சாந்த்லி தலையைத் தாழ்த்தியது. லலித் நிமிர்ந்து அதன் நெற்றியில் திலகம் வைத்தான். எல்லாரும் ஜெய் போட்டார்கள்.

பூஜை முடிந்ததும் அவன் தாபுவிடம் திரும்பினான். யாரும் எதிர்பார்க்கவில்லை. நெடுஞ்சாண்கிடையாக இல்லாவிட்டாலும், நன்றாகக் குனிந்து, அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அம்மா, மேடையில ஏறி நாங்க பேசறோம். உண்மையான சேவை நீங்க பண்றதுதான். எந்த ஊரும்மா?"

"கேரா."

"கேராவா? அந்தப் பக்கத்து ராய்க்கா ஆளுங்க சில பேர் மாட்டை வெளி மாநிலத்துக்கு ஓட்டிட்டுப் போறாங்கம்மா. நீங்கதான் நாலு நல்ல வார்த்தை எடுத்துச் சொல்லணும்."

தாபு அவனை நேராகப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரர் பேரு ஜோதாராம்" என்றாள். ஒவ்வொரு எழுத்தாக, தெளிவாக.

மேடைக்குக் கீழேயே நின்ற என் காதிலும் விழுந்தது. முனீமின் முகம் வெளுத்துவிட்டது. லலித் கைகூப்பிச் சிரித்தான்.

"அப்படியாம்மா? ரொம்ப சந்தோஷம். அடுத்த வருஷம் அவரையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரையும் உக்கார வச்சு மரியாதை பண்ணணும்."

அவனுக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. நடிப்பு இல்லை, உண்மையிலேயே தெரியவில்லை. பெயர் கேட்டுவிட்டா அடித்தார்கள்?

கீழே இறங்கி வந்தவளிடம், "எப்படிம்மா பொறுத்துக்கிட்டே?" என்று கேட்டேன்.

"கையை விட்டிருந்தா அதோட கொம்பை அறுத்திருப்பாங்க. முட்டற மாடுன்னு பேரு வந்தா வேற என்ன செய்வாங்க?" என்றாள். மஞ்சள் முக்காட்டால் முகத்தைத் துடைத்தாள். வேர்வைதான்.

கதை அதோடு முடிந்திருந்தால் தேவலை. பூஜைக்குப் பிறகு லாப்ஸி வந்தது. கோதுமைக் குருணையை வெல்லமும் நெய்யும் விட்டுக் கிண்டுவது. நமக்குப் பண்டிகைச் சாப்பாடு. புண்ணியவான் ஒருவர் டிராக்டர் நிறையக் கிண்டி அனுப்பியிருந்தார். கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ரதன் ஒலிபெருக்கியைப் பிடித்து, "மாட்டுக்கு ஒரு கவளத்துக்கு மேல குடுக்காதீங்க, வயிறு தாங்காது" என்று கத்தினார். "சுப நாள்ல அபசகுனமாப் பேசாதீங்க டாக்டர் சாப்" என்று யாரோ அவர் கையிலிருந்து அதைச் சிரித்துக்கொண்டே வாங்கிவிட்டார்கள். பாட்டு மறுபடி அலறியது.

எல்லாருக்கும் மேடையில் நின்ற ராதாராணிக்குத்தான் ஊட்ட வேண்டும். அது பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம்வரை வரிசை. தாபு கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். "மக்கள் காத்துக்கிட்டிருக்காங்க, கொஞ்ச நேரம் சும்மா இரு" என்று முனீம் தடுத்தார். பாத்திரத்தைத் தட்டிவிட்டாள் ஒரு தடவை. சேட்டு வீட்டு அம்மாள் ஒருத்தி, "கோமாதா வாய்க்குப் போறதைத் தட்டற, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று கேட்டாள்.

மறுநாள் நான் புல்லோடு வந்தபோது சாந்த்லி இடது விலா மத்தளம் போல ஊதிக் கிடந்தது. அசை போடுவது முந்தின நாளே நின்றுவிட்டதாம். ரதன் குழாய் குத்தி, மருந்து ஊற்றி, முடிந்ததையெல்லாம் செய்தார். தாபு அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொம்பில் பூசிய நீலம் அவள் கையெல்லாம் ஒட்டியிருந்தது. பத்து மணி வாக்கில் போய்விட்டது. வேறு கொட்டகைகளிலும் சில போயின. அவற்றை யாரும் எண்ணவில்லை.

லலித் ஓடிவந்தான். செய்தி கேட்டு வழியிலேயே அழுதிருக்க வேண்டும், கண் சிவந்திருந்தது. மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினான். "அம்மா, என்னை விட்டுட்டுப் போயிட்டியே" என்றான். அந்த அழுகையில் பொய் இல்லை. தாபு அதன் தலையை மெதுவாக மடியிலிருந்து தரையில் இறக்கிவிட்டு எழுந்து நகர்ந்துகொண்டாள். அழுகிறவனுக்கு இடம் விட்டாள்.

டிராக்டர் இழுத்துப் போகவில்லை. ராதாராணி மேடை கண்ட பசு அல்லவா? வாசலுக்குள்ளேயே குழி வெட்டி, உப்புப் போட்டு, பட்டு போர்த்தி, மந்திரம் சொல்லிப் புதைத்தார்கள். லலித்தின் அப்பா சலவைக்கல் கொடுத்தார். அடுத்த மாதமே பெண்கள் அங்கே நூல் கட்ட ஆரம்பித்தார்கள். பிள்ளை வரம் கிடைக்கிறதாம்.

சாந்த்லி போன அன்று மத்தியானம் அவளை என் வண்டியிலேயே கேராவுக்குக் கொண்டுபோய் விட்டேன். ஜோதா வேப்பமரத்தடியில் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தான். நீலம் ஒட்டிய அவள் கையைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தான்.

"எது?"

"சாந்த்லி."

"எதனால?"

"லாப்ஸி."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும் என்னிடம் சொன்னான்: "புக்ராஜ், நான் கசாப்புக்காரன். எங்கிட்ட அது பதினாலு வருஷம் இருந்துச்சு. அவங்க காப்பாத்தி ஒரு வருஷம் ஆகல."

எனக்கு டீ போடச் சொன்னான் தாபுவிடம். அவள் கையைக் கழுவாமலே அடுப்பு மூட்டினாள்.

கேஸ் இழுத்தது. லலித் இதற்குள் பெரிய ஆளாகி, பசுக் காவல் சங்கத்தில் ஜில்லாப் பொறுப்புக்குப் போயிருந்தான். சாட்சி சொல்ல அவனும் வரவில்லை, அவன் கூட்டாளிகளும் வரவில்லை. அவர்களுக்கு அந்தக் கேஸே மறந்துவிட்டது. இரண்டு கோடை கழித்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை, மாடுகளை உரியவனிடம் திருப்பிக் கொடு என்று தீர்ப்பு வந்தது.

முனீம் தகராறு பண்ணவில்லை. "ஓட்டிட்டுப் போம்மா. எங்களுக்கும் தீனி மிச்சம்" என்றார். மிச்சமிருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவள் வாசல் கதவைத் திறந்துவிட்டு முன்னால் நடந்தாள். அவை பின்னால் வந்தன. பின்னால் வந்தன என்று சொல்கிறேன். நடந்து வந்தன என்று சொல்ல முடியாது. தேயாத குளம்பு பழைய செருப்பு போல முன்னால் வளைந்து மேலே சுருண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் நின்றன. புறவழிச்சாலை வருவதற்குள் ஒன்று படுத்தது. அதைப் பார்த்து மற்றவையும் படுத்தன.

சாலைக்கு அந்தப் பக்கம் ஜோதா நின்றிருந்தான். புதுச் சிவப்புத் தலைப்பாகை, கையில் கோல். ஓட்டிப் போக வந்திருந்தான். சாலையைக் கடந்து வரவில்லை. அங்கிருந்தே குரல் கொடுத்தான். மாடுகளின் காது திரும்பியது. எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை கொடுத்தான். பிறகு கோலைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

வண்டி வைத்து ஏற்றலாம் என்று நான்கு டெம்போக்காரர்களிடம் நானே போய்க் கேட்டேன். தாபு கோர்ட்டுக் காகிதத்தை விரித்துக் காட்டினாள். அவர்களில் ஒருவன் நல்லவன். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னான்:

"இந்தப் பேப்பர் கோர்ட்டுக்குத் தெரியும், அக்கா. ரோட்டுல கம்பியோட நிக்கிறவனுக்குத் தெரியுமா? எனக்கும் முட்டி ரெண்டுதான் இருக்கு."

வெயில் சாயும் நேரத்தில் ஒரு வண்டி தானாகவே வந்து நின்றது. கோசாலையின் பசு ஆம்புலன்ஸ். லலித்தின் படமும் பெயரும் போட்டது. சாலையில் பசுக்கள் விழுந்து கிடப்பதாக யாரோ போன் செய்திருக்கிறார்கள். "கேராவுக்குக் கொண்டுபோய் விடறியா?" என்று தாபு கேட்டாள். "அதுக்கெல்லாம் உத்தரவு இல்லம்மா. கோசாலைக்குன்னா ஏத்தறேன்" என்றான் டிரைவர். வண்டியில் பளு தூக்கும் இயந்திரம் இருந்தது. மாடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றினான். அவள் தடுக்கவில்லை. கடைசி மாடு ஏறியதும் நிமிர்ந்து பார்த்தாள். சாலைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஜோதா நொண்டி நொண்டி கேரா பாதையில் போய்க்கொண்டிருந்தான். சிவப்பு மட்டும் தெரிந்தது.

அந்தக் குளிர்காலத்தில் மீதி மாடுகளும் போய்விட்டன. கடைசி மாடு போன அன்று தாபு மண்வெட்டியைக் கழுவி முனீமிடம் கொடுத்துவிட்டு, என்னிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். அவளுடைய மகன் அகமதாபாத்தில் துணிக் கடையில் வேலை செய்கிறான். இருவரும் அங்கே போய்விட்டார்கள். ஜோதா ஏதோ அடுக்குமாடிக் கட்டடத்தில் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறான். நொண்டிக் காலுக்கு ஏற்ற வேலை.

போன வருடம் என் மச்சினன் ஆபரேஷனுக்காக அங்கே போயிருந்தபோது தாபுவைத் தேடிப் பார்த்தேன். அதே கட்டடத்தில் இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறாள். வளையல்களைக் கழற்றிவிட்டிருந்தாள், துலக்கும்போது இடிக்கிறதாம். வெள்ளையாக வெளிறிய தடம் மட்டும் கை முழுக்க இருந்தது. கட்டடத்துப் பின்பக்கம் உட்கார்ந்து டீ குடித்தோம்.

மேல்மாடியிலிருந்து ஓர் அம்மாள் கூப்பிட்டாள். தாபு போய் ஒரு சூடான ரொட்டியை நெய் தடவி எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். அந்த வீட்டில் முதல் ரொட்டி பசுவுக்கு. தெருக் குப்பைத் தொட்டியருகே நின்ற ஒரு கிழட்டுச் செவலைப் பசுவிடம் போய் நீட்டினாள். அது நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டது. அவள் அதன் நெற்றியைத் தொடவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"தினமும் உன் கையால்தானா?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கு மாடுன்னா பயம். என்னைக் குடுக்கச் சொல்றாங்க, குடுக்கறேன்."

"என்ன பேரு அதுக்கு?"

"நான் கேக்கறதில்ல, அண்ணே" என்றாள் தாபு. "டீ ஆறுது, குடிங்க."